இரட்டைக் கோடு

கடைவாய்ப்பல் படமெடுக்கும் லென்ஸை
டாக்டர் ஹனானிடம் இரவல் வாங்கினேன்.
வட்ட விளக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.
யாருடைய பல் என்றார்.
காதைத் தொட்டுக் காட்டினேன்.

உமையாள் காரைக்குடியிலிருந்து கேட்டது இவ்வளவுதான்:
மகள் கல்யாணத்துக்கு அதே வேலைப்பாட்டில் மூக்குத்தி,
ஆசாரி பார்த்துச் செய்யக் கிட்டத்தில் ஒரு படம்.
வலது மட்டும் போதும் அண்ணமிண்டி,
ரெண்டும் ஒண்ணுதானே.

ஷார்ஜா, அந்நஹ்தா, பதினோராம் மாடி.
இந்த லென்ஸ் வழியே பார்த்தால் கட்டடமே மூச்சு விடுகிறது.
லிஃப்ட் ஏறினால் தோடு ஆடும்.
ஏசி ஓடினால் ஆடும்.
அணைத்தோம். ஆகஸ்டில்.
பாசுமதி மூட்டைமேல் கேமராவைப் புதைத்து
பேரீச்சை டப்பாவின் கறுப்பு மூடியில் தோட்டைக் கிடத்தினேன்.
டார்ச் பிடித்து நின்றார் சேவுகன்,
மூக்கு நுனியில் ஒரு துளி,
துடைக்கக் கை இல்லாமல்.

திரையில் முதலில் வந்தது அழுக்கு.
திருகாணி மறையில் சோப்பு,
கட்டடத்தின் இடுக்கில் யாரோ ஒருத்தியின் முகப்பவுடர்.
எனக்குப் பல்லில் பழகிய கண்,
எதைப் பார்த்தாலும் முதலில் சொத்தையைத் தேடும்.
இன்று தேடவில்லை.
எங்கே இருக்கிறதென்று தெரியும்.

நடுக்கல்லைச் சுற்றி ஆறு கல்.
கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் நாலு மணிக் கல்.

கொரோனா வருஷம். அவருக்குப் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை.
தேரா தங்கச் சந்தையில், குறுகலான படி ஏறிப் போனால்
ஒரு குஜராத்திக்காரர்.
ஸிர்கான் வைக்கிறேன் பெஹன், கடவுளுக்கும் தெரியாது.
அறுநூற்றைம்பது திர்ஹம்.
பையனின் ஒரு தவணைக் கட்டணத்தில் பாதி, பஸ் தனி.

வைரத்துக்குள் பார்த்தால் பட்டையின் விளிம்பு ஒற்றைக் கோடு,
ஸிர்கானில் அதே விளிம்பு இரண்டாகத் தெரியும்,
நம் கண் கலங்கினாற்போல.
இதையும் அவர்தான் சொன்னார்,
பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு.

எடுத்தேன். நாலு மணியில் இரண்டு கோடு.
சேவுகனுக்குக் கண்ணில் வியர்வை,
பார்த்தாரா தெரியாது.

இடதையும் எடுத்துடேன், லென்ஸ் திரும்பப் போகணுமே என்றார்.
எடுத்தேன்.

பத்து மணிக் கல்லில்
இரண்டு கோடு.

பெரிதாக்கினேன். லென்ஸைத் துடைத்தேன்.
மாற்றி வைத்துவிட்டேனோ என்று
இரண்டையும் புரட்டிப் பார்த்தேன்.
இல்லை, இடதுதான்.
நான் கைவைக்காத தோடு.

வலது மட்டும் போதும் அண்ணமிண்டி.

எங்கள் கல்யாணத்துக்கு முன் இது அவள் காதில் இருந்தது,
மூன்று வருஷம்.
அவள் வீட்டுக்காரர் அச்சகத்தைப் பூட்டியதும்
அதே மூன்று வருஷத்தில்தான்.
எந்த ஊர்ப் படி ஏறினாய் உமையாள்,
எவ்வளவு கொடுத்தார்கள்,
திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

பதினெட்டு வருஷமாக
தீபாவளிக்கு நலம் விசாரிப்பதைத் தவிர
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்த லென்ஸில் கூர்மைக்கு ஒரு மயிரிழைதான் ஆழம்.
வளையத்தை நகம் அளவுகூடத் திருகவில்லை,
நாலு மணி மூட்டமாயிற்று,
நடுக்கல் மட்டும் சுட்டது.
இடதிலும் அப்படியே, பத்து மணி
பனி பிடித்த கண்ணாடி.
அசையுது, அசையுது என்றார் சேவுகன்.
அசையட்டும் என்றேன்.

இரண்டையும் அனுப்பி
கீழே எழுதினேன்: ரெண்டும் ஒண்ணுதான்.

நீலமாயின இரண்டு கோடுகள்.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது.

ஏசியைப் போட்டார் சேவுகன்.
கேமரா கிடந்த பள்ளம் மூட்டையில் அப்படியே இருந்தது.
அதிலிருந்தே இரண்டு ஆழாக்கு அள்ளி
உலைக்குக் களைந்தேன்.